ஷெங்கன் சுற்றுலா விசா: நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பெரியப்பாவின் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்த அந்தத் தாளில் நிராகரிப்புக்கான காரணங்கள் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருந்தன. இரண்டின் எதிரே மட்டும் குறி போட்டிருந்தார்கள். பயணத்தின் நோக்கம் பற்றிக் கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது இன்னொன்று. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். "நான் எதுக்குப்பா அங்க போய் ஒளிஞ்சிக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

அன்று ராத்திரி அவருடைய ஃபைலைக் கூடத்தில் பாய் மேல் பரப்பி, முதல் தாளிலிருந்து படித்தேன். ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவரத்தான் கிளம்பினார். ஏஜென்ட் படிவத்தில் 'சுற்றுலா' என்று போட்டு, ஃபிராங்பர்ட்டில் பத்து நாளுக்கு ஓட்டல் பதிவு வைத்திருந்தார். இன்சூரன்ஸோ முப்பது நாளுக்கு எடுத்திருந்தது. வங்கிக் கணக்கில் மாதாமாதம் பென்ஷன் மட்டும் வந்துகொண்டிருக்க, விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஆறு லட்சம் ரூபாய் ஒரே நாளில் ஏறியிருந்தது. அந்த வரியிலேயே பணம் ஜெர்மனியிலிருந்து வந்தது என்றும் பதிவாகியிருந்தது. ஆனால் மகள் அங்கே இருக்கிறாள் என்ற விவரம் ஃபைலில் ஓர் இடத்தில்கூட இல்லை.

விசா அதிகாரிக்குப் பெரியப்பாவைத் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது தாள்கள் மட்டும்தான். இந்தத் தாள் ஒன்று சொல்ல, அந்தத் தாள் வேறொன்று சொன்னால் அவர் எதை நம்புவார்? அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் பலருடைய ஃபைல்களைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பணம் போதாமல் நின்றவர்கள் குறைவு. தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் நின்றவர்கள்தான் அதிகம்.

எந்த நாட்டுக்கு மனு போடுவது?

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய 29 நாடுகளின் கூட்டு. ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. அவற்றுக்குத் தனி விசா வேண்டும்.

விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் கொடுப்பது என்பதற்கு விதி தெளிவாக இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாடு. நாட்கள் சமமாக இருந்தால், முதலில் காலடி வைக்கும் நாடு. பாரிஸில் நான்கு இரவு, ஸ்விட்சர்லாந்தில் இரண்டு, இத்தாலியில் மூன்று என்றால் மனு பிரான்ஸுக்குத்தான் போக வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, வேறொரு நாட்டுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த நாட்டில் ஐந்து நாள் இருப்பதாக ஒரு பயணத் திட்டத்தைத் தயார் செய்கிறார்கள். தினமும் இதே வேலையைப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த ஒட்டுவேலை தெரியாமல் இருக்காது. விசா கையில் வந்துவிட்டால்கூட, எல்லையில் இறங்கும்போது கேள்வி வரலாம்.

இந்தத் தவறின் வேர் தாமதம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு சொல்ல 15 நாள் எடுத்துக்கொள்வார்கள், சந்தேகம் இருந்தால் அது 45 நாள் வரை நீளும். தமிழ்நாட்டில் எல்லோரும் பள்ளி விடுமுறையை வைத்து மே மாதத்தில் போக நினைக்கிறோம். மார்ச் கடைசியில் உட்கார்ந்து தேடினால் நாள் கிடைக்காது. பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டையும் அப்போதே எடுத்துப் பாருங்கள். திரும்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்தில் முடிந்துவிடும் என்பதைக் கடைசி நேரத்தில் கவனிக்கும் குடும்பங்கள் நிறைய.

வங்கிக் கணக்கு

எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடைசி வரியில் இருக்கும் தொகையைவிட அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் முக்கியம். மாதம் நாற்பதாயிரம் சம்பளம் வந்து, வாடகையும் மளிகையும் பிள்ளை ஃபீஸும் போக, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இரண்டரை லட்சம் நிற்கும் கணக்கு நம்பிக்கை தரும். எட்டாயிரம் இருந்த கணக்கில் திடீரென்று ஏழு லட்சம் வந்து உட்கார்ந்தால், கைமாற்று வாங்கிக் காட்டுகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நியாயமாகவே பெரிய தொகை வந்திருக்கலாம். நிலம் விற்றிருப்பீர்கள், சீட்டு எடுத்திருப்பீர்கள், பி.எஃப். வந்திருக்கும். அப்படியென்றால் அதற்கான பத்திரத்தையோ ரசீதையோ கூடவே வையுங்கள், மனுவோடு வைக்கும் விளக்கக் கடிதமான கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதுங்கள். பையனோ பெண்ணோ செலவை ஏற்கிறார்கள் என்றால், பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றாமல், அவர்களே ஏற்பதாக எழுதி அவர்களுடைய கணக்கு விவரத்தையும் சம்பளச் சீட்டையும் வையுங்கள்.

விவசாயிகள் விஷயத்தில் எனக்குத் தனி ஆதங்கம் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலரிடம் ஐ.டி. ரிட்டர்ன் இருக்காது. ஏஜென்ட்டுகள் அவர்களை ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவராகக் காட்டிவிடுகிறார்கள். எதற்கு அந்தப் பொய்? பட்டா, சிட்டா, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிய ரசீது, அந்தப் பணம் வங்கியில் ஏறிய வரி, இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்தால் அதுவே பலமான சான்று. ஊரில் நிலம் இருக்கிறது, அடுத்த பருவத்துக்கு நடவு இருக்கிறது என்பதைவிடத் திரும்பி வருவதற்கு வேறு என்ன காரணம் வேண்டும்? சம்பளக்காரர்களுக்கு அந்த வேலையைச் செய்வது லீவு கடிதம். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை விடுப்பு, மறுநாள் வேலைக்குத் திரும்புகிறார்' என்று அதில் தேதி இருக்க வேண்டும். பொதுப்படையாக 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி வாங்கினால் போதாது.

இனிஷியல் படுத்தும் பாடு

இது தமிழர்களுக்கே உள்ள சிக்கல். பாஸ்போர்ட்டில் முருகன் என்பது பெயராகவும் அப்பா பெயர் கந்தசாமி குடும்பப் பெயராகவும் இருக்கும். வங்கியில் கே. முருகன். ஆஃபீசில் முருகன் கே. மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், குழந்தையின் பாஸ்போர்ட்டில் முருகன் என்பது குடும்பப் பெயராக ஆகியிருக்கும். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். நமக்கு இது இயல்பு. வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் ஒரே குடும்பம்தானா என்ற கேள்வி எழும்.

படிவம், டிக்கெட், ஓட்டல், இன்சூரன்ஸ் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்கட்டும். திருமணச் சான்றும் குழந்தையின் பிறப்புச் சான்றும் வையுங்கள். வங்கியில் இனிஷியலை விரித்து எழுதித் தரச் சொன்னால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்வதே நல்லது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படிப்பட்டவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது எத்தனையோ பேருடைய பயணம் நின்றுபோனது.

டிக்கெட், ஓட்டல், இன்சூரன்ஸ்

விசா வருவதற்கு முன்னால் முழுப் பணம் கட்டி, ரத்து செய்ய முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். போக வர முன்பதிவு இருந்தால் போதும். அதற்காக எடிட் செய்த போலி டிக்கெட்டை வைப்பது மிகப் பெரிய தவறு. பதிவு எண்ணைத் தட்டினால் உண்மை வந்துவிடும். போலி ஆவணம் என்று ஒரு தடவை பதிவானால், அந்தக் கறை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் தெரியும். ஓட்டலும் அப்படித்தான். மனு கொடுத்த மறுநாளே ரத்து செய்வதை ஒரு தந்திரம்போலச் சொல்லித் தருகிறார்கள். விசா அதிகாரிகள் ஓட்டலுக்குப் போன் செய்து விசாரித்தால் கதை முடிந்தது.

இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் பொருந்த வேண்டும்.

விசா ஸ்டிக்கரைப் படிக்கத் தெரியாமல்

விசாவில் மே 1 முதல் ஜூன் 14 வரை என்று இருக்கும், பக்கத்தில் தங்கும் நாட்கள் 30 என்று இருக்கும். தேதிகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் அங்கே தங்க முடிவது 30 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லைகளில் வருகையும் புறப்பாடும் கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டன. ஒரு நாள் கூடினாலும் மறையாது.

எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 01 என்று இருந்தால், பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டு மறுபடி ஆம்ஸ்டர்டாம் வர முடியாது. பிரிட்டன் விசா கையில் இருந்தாலும் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகவே அது கணக்கு. அப்படித் திட்டம் இருந்தால் படிவத்திலேயே இரண்டு நுழைவோ பல நுழைவோ கேளுங்கள்.

நிராகரித்த பிறகு

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 45. அதற்குமேல், தூதரகத்துக்காக மனுக்களை வாங்கும் விசா சென்டரின் சேவைக் கட்டணம். நிராகரித்தால் எதுவும் திரும்பாது. விசா சென்டரில் தாள்களைச் சரிபார்த்து வாங்குபவர்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை.

பழைய ஃபைலையே தூசி தட்டி மறுவாரம் கொடுப்பது அடுத்த தவறு. முந்தைய நிராகரிப்பை மறைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் உங்கள் கைரேகையும் முடிவும் ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்து வருஷம் வரை இருக்கும். மேல்முறையீடு செய்யும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை நிறுத்திவிட்டது, இனி நீதிமன்றம் அல்லது புது மனு.

பெரியப்பாவுக்குப் புது மனுதான் போட்டோம். இந்த முறை நோக்கம், உறவினரைப் பார்ப்பது. மகள் தன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், அப்பாவின் செலவுக்குத் தான் பொறுப்பு என்ற அதிகாரபூர்வ உறுதிப் பத்திரத்தை வாங்கி அனுப்பினாள். (பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்க, அவர்கள் நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டும்.) பென்ஷன் ஆணை, வீட்டு வரி ரசீது, ஊரில் பெரியம்மா இருக்கிறார் என்பதற்கான குடும்ப அட்டை, எல்லாம் வைத்தோம். ஆறு லட்சத்துக்கு என்ன காரணம், முதல் மனுவில் என்ன தவறு நடந்தது என்பதையும் கவரிங் லெட்டரில் மறைக்காமல் எழுதினோம். ஒவ்வொரு தாளையும் பெரியப்பாவிடம் படித்துக் காட்டி, அவருக்குப் புரிந்த பிறகே கையெழுத்து வாங்கினேன். முதல் தடவை அவர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

விசா வந்தது. ஃபைலின் நகலைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ஃபிராங்பர்ட்டில் இறங்கியதும் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டார்களாம். இவர் மகளின் பத்திரத்தை எடுத்து நீட்டி, தெரிந்த இங்கிலீஷில் "டாட்டர் ஹவுஸ்" என்றாராம். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.