கிட் விமானத்தைப் பேட்டரிக்கு மாற்றுகிறீர்களா? நான் பட்ட அடிகள் சில

போன மாதம் மிச்சிகனில் இருந்து ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டும் ஒற்றை இருக்கை கிட் விமானம். அலுமினியக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மூக்கில் மோட்டாரைப் பூட்டியிருந்தார். "அண்ணா, எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தார். மோட்டார் பளபளவென்றுதான் இருந்தது. என் கண் போனது சீட்டுக்குப் பின்னால். பேட்டரிப் பெட்டியின் பக்கவாட்டில், எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருந்து பெயர்த்தெடுத்த, பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகை ஒன்று, நான்கு ஸ்க்ரூவில் அழகாக உட்கார்ந்திருந்தது.

நானும் அதே இடத்தில், அதே மாதிரிப் பலகையைத்தான் வைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மோதிரத்தைக் கழற்று, ஸ்பேனர் பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்று, ஓடும் புரொப்பெல்லர் முன்னால் நிற்காதே என்பதெல்லாம் எவரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது ஒஹாயோவில் ஒரு புல்தரை ரன்வேயில், சொந்தக் காசைப் போட்டு, சொந்த உடம்பை உட்கார வைத்துக் கற்றது.

கழற்றிய எடையும் ஏற்றிய எடையும்

என் விமானத்தில் முதலில் இருந்தது ரோடாக்ஸ் 447, 40 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். அதையும் சைலன்சர், டாங்க், 19 லிட்டர் பெட்ரோல் எல்லாவற்றையும் தராசில் வைத்தால் 58 கிலோ வந்தது. உள்ளே போனது: மோட்டார் 12, அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலர் 5, பேட்டரி 63, பெட்டி, வயர், பிராக்கெட் என்று இன்னொரு 12. மொத்தம் 92. வித்தியாசம் 34 கிலோதானே, நான் கொஞ்சம் மெலிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மெலியவில்லை என்பது வேறு கதை.

கணக்கு இடிக்கும் இடம் வேறு. பெட்ரோல் பறக்கப் பறக்கக் குறையும், பேட்டரி ஒரு கிராம்கூடக் குறையாது. ஏறும்போது இருந்த அதே எடையோடுதான் தரையைத் தொடுவீர்கள், ஒவ்வொரு முறையும். அந்த விமானத்தை வடிவமைத்தவர் சக்கரக் காலைக் கணக்குப் போட்டபோது முக்கால்வாசி டாங்க் காலியாகி வரும் விமானத்தை மனதில் வைத்திருக்கலாம். அவரிடம் கேட்காமல் எடையை ஏற்றாதீர்கள். எடை மையத்தையும் காகிதத்தில் கூட்டிக் கழித்ததோடு விடாமல், மூன்று சக்கரத்துக்கும் அடியில் மூன்று தராசு வைத்து எடுங்கள். நான் 63 கிலோ பேட்டரியை நான்கு அங்குலம் முன்னால் நகர்த்த வேண்டி வந்தது. அதற்குள் பெட்டியை வெல்டிங் செய்து முடித்திருந்தேன்.

சக்தியிலும் மனக்கணக்கு ஏமாற்றும். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் விரயம் செய்தாலும், 14 கிலோ பெட்ரோல் புரொப்பெல்லருக்கு முப்பது யூனிட்டுக்கு மேல் கொடுத்துவிடும். என் 63 கிலோ பேட்டரியில் இருப்பதே 10 யூனிட்.

காற்று அதிகம் தடுக்கும் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது

2008இல் அமெரிக்காவில் பறந்த எலக்ட்ராஃப்ளையர்-சி, மோனி என்ற மெலிந்த மோட்டார் கிளைடரில் செய்த மாற்றம். 18 குதிரைத்திறன் மோட்டாரும் 5.6 யூனிட் பேட்டரியும் அதற்குப் போதுமானதாக இருந்தன. கம்பியும் குழாயும் வெளியே தெரியும் என் விமானம், நேராகப் பறக்கவே 11 கிலோவாட், அதாவது சுமார் 15 குதிரைத்திறன் கேட்கிறது. ஆசைப்பட்டதை வாங்கினேன், அனுபவிக்கிறேன்.

பேட்டரியைக் காப்பாற்றப் போய் ஆளை விடுவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்லப் போகிறேன். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பிஎம்எஸ் என்பது பேட்டரியின் ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பலகை. ஸ்கூட்டரில் அதன் வேலை எளிது. ஏதாவது ஒரு செல்லின் வோல்ட்டேஜ் குறித்த அளவுக்குக் கீழே போனால், உடனே மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். ஸ்கூட்டர் நிற்கும். நீங்கள் இறங்கி, திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போவீர்கள். பேட்டரி பிழைத்தது. தரையில் இது நியாயமான ஏற்பாடு.

ஆகாயத்தில் இறங்கித் தள்ள முடியாது.

நவம்பர் மாதம், சனிக்கிழமை காலை, 3 டிகிரி. முந்தின நாள் சாயங்காலம் பறந்து முடித்தபோது மீட்டரில் 43 சதவீதம் இருந்தது. ஒரே ஒரு சுற்று அடித்துவிட்டு வந்து சார்ஜ் போடலாம் என்று கிளம்பினேன். சுற்று நன்றாகவே போனது. இறங்க வரும்போது மீட்டர் 25 காட்டியது. 25 சதவீதம் என்றால் இரண்டரை யூனிட், நேராகப் பறந்தால் 13 நிமிடம். மனசு நிம்மதியாக இருந்தது.

ரன்வேயின் நடுவில் ஒரு மான்.

அது நின்று என்னைப் பார்த்தது. நான் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். மூக்கு தூக்கியது, மான் கீழே போனது, நான்கு எண்ணுவதற்குள் எல்லாம் அமைதி. பெட்ரோல் இன்ஜின் சாகும்போது இருமும், உதறும், ஒரு எச்சரிக்கை தரும். மோட்டார் அப்படி எதுவும் செய்யாது. விளக்கை அணைத்த மாதிரி நின்றது. இருபது அடி உயரம் இருக்கும். மூக்கைக் கீழே அமுக்கினேன், தரை வந்து இடித்தது. இடது சக்கர அச்சு வளைந்தது. எனக்கு முதுகு ஒரு வாரம் வலித்தது, அவ்வளவுதான். முன்னால் இன்னும் பாதி ரன்வே பாக்கி இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று பதிவுக் கருவியைத் திறந்து பார்த்தேன். என் பேட்டரியில் 28 செல் வரிசை, ஒன்றோடொன்று தொடராக. முழு சார்ஜில் 117 வோல்ட். நிறைந்த பேட்டரி, சூடான நாள் என்றால் டேக்-ஆஃபுக்கு வேண்டிய 25 கிலோவாட்டை 230 ஆம்பியரில் கொடுத்துவிடும். அன்று அப்படி இல்லை. 25 சதவீதத்தில் சும்மா இருக்கும்போதே 98 வோல்ட்தான். இரவெல்லாம் குளிரில் கிடந்ததால் செல்லின் உள்மின்தடை ஏறத்தாழ இரட்டித்திருந்தது. வோல்ட்டேஜ் குறைந்தால் அதே 25 கிலோவாட்டுக்கு கன்ட்ரோலர் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் வோல்ட்டேஜ் இன்னும் சரியும். சரிந்தால் இன்னும் இழுக்கும். கடைசியில் 310 ஆம்பியர், 81 வோல்ட்டில் போய் நின்றது. செல்லுக்குச் சராசரி 2.9 வோல்ட். சராசரி பிழைத்துக்கொள்ளும். ஆனால் 17ஆம் வரிசை எப்போதும் கொஞ்சம் சோனி. அது 2.74க்குப் போனது. பலகையில் வைத்திருந்த எல்லை 2.8.

பலகை தன் கடமையைச் செய்தது.

இதில் என்னை எரிச்சலூட்டுவது அந்தத் துண்டிப்புகூட இல்லை. த்ராட்டிலை இழுத்துவிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தேன், உயிர் வரவில்லை. ஏன் என்று பிறகுதான் கையேட்டில் தேடினேன். ஒருமுறை துண்டித்தால் சார்ஜரை மாட்டினால்தான் அந்தப் பலகை மறுபடி திறக்குமாம். இருபது அடி உயரத்தில், சார்ஜர்! அந்த வரியை வாங்கிய அன்றே படித்திருக்கிறேன். பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டுகூட வைத்திருக்கிறேன்.

செலவு அதோடு முடியவில்லை. கன்ட்ரோலரில், த்ராட்டிலை விட்டால் மோட்டாரை ஜெனரேட்டராக்கி பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்பும் வசதி இருந்தது. பைக்குக்காகப் போட்டுத் தந்த செட்டிங், நான் அணைக்கவில்லை. காற்றில் சுற்றிக்கொண்டிருந்த புரொப்பெல்லர் கரண்டை அனுப்பியது, வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் பேட்டரி இல்லை. உள்ளே வோல்ட்டேஜ் எகிறி கன்ட்ரோலர் வெந்தது. 1,400 டாலர். ஹேங்கரில் மூடியைத் திறந்தபோது வந்த கருகிய வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்தவை இவை. பறக்கும்போது பிஎம்எஸ் வாயைத் திறந்து கத்தலாம், கையை நீட்டக் கூடாது. என்னுடையது இப்போது ஒரு சிவப்பு விளக்கையும் ஒரு பஸ்ஸரையும் மட்டும் இயக்குகிறது. துண்டிக்கும் அதிகாரம் சார்ஜர் பக்கம் மட்டுமே, அங்கே அது கட்டாயம் வேண்டும். பேட்டரியை மொத்தமாக இணைத்துத் துண்டிக்கும் பெரிய ரிலேயான மெயின் கான்டாக்டர், என் கையில் இருக்கும் சுவிட்சுக்கு மட்டும் கட்டுப்படும். நேரடி ஷார்ட் ஆனால் அறுக்க ஃபியூஸ் இருக்கிறது. வோல்ட்டேஜ் சரிந்தால் கன்ட்ரோலர் சக்தியைப் படிப்படியாகக் குறைக்கும், சுத்தமாக நிறுத்தாது. அரைச் சக்தி இருந்தாலும் மானைத் தாண்டி நேராக இறங்கலாம். கரண்ட் திருப்பி அனுப்பும் வேலையை அடியோடு அணைத்துவிட்டேன். ஒரு செல் செத்தால் சாகட்டும். செல் கடையில் கிடைக்கும்.

சதவீத மீட்டர் மேல் துணி டேப் ஒட்டியிருக்கிறேன். அதற்குப் பதில் இருப்பதிலேயே தாழ்ந்த செல்லின் வோல்ட்டேஜ் பெரிய எழுத்தில் தெரிகிறது. பெட்ரோல் டாங்கில் கடைசி லிட்டரும் முதல் லிட்டர் மாதிரியே எரியும். பேட்டரியின் கடைசிக் கால்வாசி அப்படி எரியாது. மெதுவாகக் கேட்டால் கொடுக்கும், அவசரமாகக் கேட்டால் கையை விரித்துவிடும். நமக்கு அவசரம் வருவதோ இறங்கும் நேரத்தில், சார்ஜ் தீர்ந்திருக்கும்போது.

உங்கள் பேட்டரிக்கு அந்த எல்லை எது என்று கண்டுபிடிக்க ஒரு கயிறு போதும். விமானத்தின் வாலை நல்ல மரத்திலோ டிரக்கிலோ கட்டுங்கள். குளிரான காலை ஒன்றில், 50, 40, 30 சதவீதம் என்று ஒவ்வொன்றிலும் முழு த்ராட்டில் 30 நொடி வைத்து, மிகத் தாழ்ந்த செல் எங்கே போகிறது என்று எழுதுங்கள். எந்த இடத்தில் வயிறு கலங்குகிறதோ அதுதான் உங்கள் பூஜ்யம். எனக்கு அது 40. அதற்குக் கீழே இருப்பது என் கணக்கில் பேட்டரியே இல்லை. 35 நிமிடம் என்று காகிதத்தில் வந்த விமானத்தை நான் 20 நிமிடம் பறக்கிறேன்.

பெரிய கம்பெனிகள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு பிபிஸ்ட்ரெல் வேலிஸ் எலக்ட்ரோவைப் பாருங்கள். 2020 ஜூனில் ஐரோப்பாவின் விமானப் பாதுகாப்பு அமைப்பான இயாசா வகைச் சான்று கொடுத்த முதல் மின்சார விமானம். மூக்கில் ஒரு பேட்டரி, கேபினுக்குப் பின்னால் ஒன்று, இரண்டும் இணையாக. ஒன்று விலகினாலும் மற்றது மட்டும் வைத்து ஏறலாம். நம் ஒற்றை இருக்கைக்கு அந்த வசதி இல்லை. அப்படியிருக்க, இருக்கிற ஒன்றையும் வெட்டிவிடும் அதிகாரத்தை ஒரு ஸ்கூட்டர் பலகையிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

முழு சார்ஜை வைத்து மோட்டார் வாங்குவது

பழைய இன்ஜினில் கியர்பாக்ஸ் வழியாக என் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடியது. ஒரு வோல்ட்டுக்கு 22 சுற்று தரும் மோட்டார் என்றால், 117 வோல்ட்டில் 2,500க்கு மேல் வந்துவிடும், சரிதானே என்று தோன்றும். அதே மோட்டார் 81 வோல்ட்டில் 1,800ஐக்கூடத் தொடாது. புரொப்பெல்லர் வாங்கும் சக்தி சுற்றின் மும்மடிப் பெருக்கில் போவதால், கையில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு சொச்சம். கடைசி வோல்ட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு வோல்ட்டுக்கு 32 சுற்றுக்குக் குறைந்தது ஆகாது என்று வந்தது.

வீட்டு எம்சிபி

எம்சிபி அறுக்கும்போது உள்ளே பொறி பறக்கும். ஏசி கரண்ட் நொடிக்கு 120 முறை பூஜ்யத்துக்கு வரும், பொறி அணையும். டிசி வராது, அணையாது. போடாதீர்கள்.

ப்ரீசார்ஜ் இல்லாமல் கான்டாக்டரை மூடுவது

கான்டாக்டரை மூடும் முன் கன்ட்ரோலருக்குள் கரண்டை மெதுவாக நிரப்புவதுதான் ப்ரீசார்ஜ். ஒரு ரெசிஸ்டர், சில டாலர். அதை மிச்சம் பிடித்தவர் கான்டாக்டர் முனை ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றார். புரொப்பெல்லர் மூக்கில் இருந்தது.

பெட்டியை நன்றாக மூடுவது

தண்ணீர் போகக் கூடாது என்று பேட்டரிப் பெட்டியை சிலிகான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஒரு செல் பொங்கினால் வரும் வாயு எரியும், மூச்சையும் முட்டும். அதற்கு ஒரு வழி வேண்டும், அந்த வழி உங்கள் முகத்துக்குப் பின்னால் திறக்கக் கூடாது. என்னுடையது விமானத்தின் வயிற்றடியில், சைலன்சர் குழாய் இருந்த அதே ஓட்டை வழியாகப் போகிறது.

பேப்பர்

மிச்சிகன் தம்பிக்கு பலகையை எங்கே மாற்ற வேண்டும் என்று படம் போட்டு அனுப்பினேன். "சரிண்ணா, இந்த வாரமே மாத்திட்டுப் பறந்துடுறேன்" என்றார். இன்ஜினை மாற்றுவது பெரிய மாற்றம். வீட்டில் கட்டிய விமானங்களுக்குத் தரும் எக்ஸ்பெரிமென்டல் சான்றில் இருக்கும் விமானம் என்றால் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், மறுபடி சோதனைக் கட்டத்துக்குப் போய்க் குறைந்தது 5 மணி நேரம் பறக்க வேண்டும். பெட்ரோல்காரர்கள் அதை ஒரு வார இறுதியில் முடித்துவிடுவார்கள். நமக்கு 20 நிமிடம் 20 நிமிடமாக 15 முறை. என் ஹேங்கரில் இருப்பது சாதாரண 120 வோல்ட் பிளக். ஒவ்வொரு முறையும் சார்ஜ் ஏற நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தம்பியிடம் ஒரு மடக்கு நாற்காலி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.