சரணாலயத் தன்னார்வலர்களைப் பாராட்டுவது எப்படி? புதிய ஒருங்கிணைப்பாளர்களுக்கான செய்முறை

அடிபட்ட வனவிலங்குகளை மீட்டுப் பராமரிக்கும் இடங்களில் ஒரு விநோதம் உண்டு. வேலை ஒழுங்காக நடந்திருந்தால், பிழைத்த விலங்கு தன்னைப் பிழைக்க வைத்தவரைக் கண்டதும் ஓட்டம் பிடிக்க வேண்டும். மனிதரிடம் ஒட்டிக்கொண்ட விலங்கு காட்டில் நெடுநாள் தாங்காது. வட அமெரிக்காவில் வூப்பிங் கொக்குக் குஞ்சுகளை வளர்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது: பராமரிப்பவர் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போர்த்திக்கொண்டு, கொக்குத் தலை வடிவிலான கைப்பாவையால் உணவூட்டுவார், வாய் திறந்து பேசமாட்டார். மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்தவரின் முகம் அந்தக் குஞ்சுக்குத் தெரியவே தெரியாது.

வளர்ப்பு நாயின் வாலாட்டல் அளவுக்குக்கூட இந்த வேலையில் நன்றி திரும்பி வராது. ஆகவே பாராட்டு என்று ஒன்று வர வேண்டுமானால் அது மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும். சரணாலயத்திலோ மீட்பு மையத்திலோ தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் அதை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கே இந்த விளக்கம். செலவு அதிகம் இல்லை. கவனம்தான் நிறைய வேண்டும்.

படி 1: வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேருங்கள்

பெரும்பாலான இடங்களில் பதிவேடு இப்படித்தான் இருக்கும்: பெயர், வந்த நேரம், போன நேரம். ஆண்டு முடிவில் மணிக்கணக்கைக் கூட்டி, அதிகம் வந்தவருக்குக் கேடயம். இதைப் போல எளிதான கணக்கும் இல்லை, இதைப் போல அநியாயமானதும் இல்லை. யாரிடம் ஓய்வு நேரம் அதிகம் என்பதைத் தவிர இந்த எண் வேறெதையும் காட்டாது. வாரம் முழுவதும் வேலைக்குப் போய்விட்டு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வருபவர், எத்தனை கவனமாக வேலை செய்தாலும் இந்தப் பட்டியலில் மேலே வரமாட்டார்.

நான்காவதாக ஒரு பத்தி போடுங்கள்: "இன்று கவனித்தது." தன்னார்வலரும் எழுதலாம், பணியில் இருக்கும் ஊழியரும் அவரைப் பற்றி எழுதலாம். ஒரு வரி போதும். "கூகை நேற்றும் இன்றும் உருண்டை கக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆந்தை இனங்கள் இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் பிற்பாடு உருண்டையாகக் கக்கிவிடும். உருண்டை வரவில்லை என்றால் பறவை சாப்பிடவில்லை, அல்லது உள்ளே ஏதோ கோளாறு. இரைத்தட்டு காலியாக இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். தரையில் இருக்க வேண்டியது இல்லை என்பதைப் பார்க்கத் தனிக் கண் வேண்டும். மணிக்கணக்கில் இது எங்கே தெரியும்?

கண்ணில் படாத வேலைகளை வேறொரு தாளில் பட்டியலிடுங்கள்: கூண்டு கழுவுதல், இரை நறுக்குதல், துணி துவைத்தல், எடைக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுதல். தொலைபேசியில் பேசுபவரை மறந்துவிட வேண்டாம். இறகு முளைத்த குஞ்சு ஒன்று தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஒருவர் அழைப்பார். "மனிதர் தொட்டுவிட்டால் தாய் சேர்க்காதாமே?" என்பார். அது பரவலான தவறான நம்பிக்கை. பறவைகள் பொதுவாக அதற்காகக் குஞ்சைக் கைவிடுவதில்லை. பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இருப்பது இயல்பு, பெற்றோர் அருகிலேயே இருக்கும், பூனை வராமல் தள்ளி நின்று பாருங்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி அந்தக் குஞ்சை அங்கேயே இருக்கவிடுகிறாரே, அவரால் மையத்துக்கு ஒரு விலங்குகூட வந்து சேருவதில்லை. அதுதான் அவருடைய சாதனை. எண்ணிக்கையில் மட்டும் பார்த்தால் அவர் சும்மா உட்கார்ந்திருப்பவர்.

படி 2: எதற்காக வருகிறீர்கள் என்று கேளுங்கள்

தன்னார்வப் பணிக்கு மனிதர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை ஆராய்ந்த கிளேரி, ஸ்னைடர் முதலான உளவியலாளர்கள் 1998இல் ஆறு வகைக் காரணங்களை வகுத்தார்கள். கொண்ட கொள்கைக்காக வருபவர் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர் உண்டு. நட்புக்காக, வேலைவாய்ப்புக்காக, மனபாரத்தை இறக்கி வைக்க, தன்னைப் பற்றிய மதிப்பை உயர்த்திக்கொள்ள என்று மற்றவை. ஒருவருக்குள்ளேயே இரண்டு மூன்று கலந்திருக்கும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே கேடயத்தைக் கொடுத்தால், கற்றுக்கொள்ள வந்தவர் அதை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆண்டு வேறிடம் பார்ப்பார். சேரும்போதே ஒரு சிறு படிவத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எது உங்களை இங்கே வரவைத்தது? உங்கள் பெயரும் படமும் வெளியே வரலாமா? நன்றி சொல்வதானால் கூட்டத்தில் சொல்லலாமா, தனியே சொல்ல வேண்டுமா? மூன்றாவது கேள்வியை விளையாட்டாக எண்ண வேண்டாம். மனிதக் கூட்டத்திடமிருந்து ஒதுங்கத்தான் சிலர் விலங்குகளிடம் வருகிறார்கள். அவர்களை மேடையேற்றி ஒலிபெருக்கியில் புகழ்வது ஒருவகைத் தண்டனை.

படி 3: என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஓர் அணில் குட்டிக்கு ஆறு வாரம் பாலூட்டியவர், அது விடுவிக்கப்பட்ட நாளில் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது கூண்டு காலியாக இருக்கிறது. போய்விட்டதா, செத்துவிட்டதா? கேட்கவும் தயக்கம். இந்த இடைவெளியை நிரப்புவதைவிடப் பெரிய பாராட்டு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு விலங்கின் சிகிச்சை அட்டையிலும், கீழ்ப்பகுதியில், அதைக் கவனித்துக்கொண்டவர்களின் பெயர்களுக்கு இடம் விடுங்கள். அட்டை மூடப்படும் நாளில் அவர்கள் அனைவருக்கும் ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். "நீங்கள் எடை பார்த்து வந்த அணில் இன்று காலை விடுவிக்கப்பட்டது. கூண்டைத் திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் மரமேறிவிட்டது" என்றால் போதும். இறந்துவிட்டால் அதையும் அன்றே, காரணத்தோடு சொல்லுங்கள். மறைத்து வைத்த சாவு எப்படியும் வெளியே வரும். வரும்போது நம்பிக்கையையும் சேர்த்துக்கொண்டு போகும்.

பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு லேசான் அல்பட்ராஸ் கடற்பறவைக்கு எண் பொறித்த கால்வளையம் பூட்டினார். 2002இல் அதே தீவில் தேய்ந்துபோன வளையத்தோடு ஒரு பறவையைப் பிடித்துப் புது வளையம் மாட்டினார். பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, 46 ஆண்டுகளுக்கு முன் அவரே பூட்டிய வளையம் அது! விஸ்டம் என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் முட்டையிட்டிருக்கிறது. பதிவேட்டில் எண் ஒழுங்காக இருந்ததால்தான் இந்தக் கதை கிடைத்தது. உங்கள் மையத்தில் வளையமிட்ட பறவை வேறெங்காவது தென்பட்டதாகத் தகவல் வந்தால், அதை அலுவலகக் கோப்புக்குள் வைக்காமல், அந்தப் பறவைக்கு இரை நறுக்கியவருக்கு முதலில் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை: செய்தியில் விடுவித்த இடத்தைக் குறிப்பிட வேண்டாம். கைப்பேசிப் படங்களில் இருப்பிட விவரம் தானாகப் பதிந்திருக்கும். அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள். வேட்டைக்காரர்களுக்கும் அதே படம் போய்ச் சேரலாம்.

படி 4: பாராட்டு வரியை எழுதுங்கள்

"அல்லும் பகலும் அயராது, தன்னலம் கருதாது தாங்கள் ஆற்றிவரும் சீரிய பணியைப் பாராட்டி..." என்று தொடங்கும் சான்றிதழ்களை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பெயரை மட்டும் மாற்றினால் நீச்சல் சங்கச் செயலாளருக்கும் பொருந்தும்.

முதல் படியில் சொன்ன பதிவேட்டை இப்போது திறங்கள். அந்தக் கூகையைப் பற்றிய வரி இருந்தால், சான்றிதழ் இப்படி அமையலாம்: "நான்காம் கூண்டுக் கூகை இரண்டு நாளாக உருண்டை கக்கவில்லை என்பதை முதலில் பார்த்தவர் நீங்கள். தட்டு காலியாக இருந்ததால் அது சாப்பிடுகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரையை அது மரக்கட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தது. அன்றே வாய்ப்புண் கண்டறியப்பட்டு மருந்து தொடங்கியது. கூகை இப்போது வெளியே பறந்துகொண்டிருக்கிறது."

இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது, அவ்வளவுதான். இப்படி ஒரு வரி எழுதக் கைவசம் எதுவும் இல்லை என்றால் சான்றிதழைத் தள்ளிவைத்துவிட்டு, அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு காலைப் பொழுது போய் நில்லுங்கள். எழுதுவதற்குக் கட்டாயம் ஏதாவது கிடைக்கும்.

படி 5: எதைக் கொடுப்பது, எதை அறிவிக்காமல் இருப்பது

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பிற்பாடு விளையாட்டு நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே படம் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை.

பெரியவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் "நூறு மணி நேரத்துக்கு வெள்ளிப் பதக்கம், இருநூறுக்குத் தங்கம்" என்று சுவரில் எழுதி ஒட்டுவதை நான் தவிர்ப்பேன். ஆசையாக வந்தவரைக் கணக்குப் பார்க்க வைத்துவிடும்.

கொடுப்பதில் சிறந்தது பொறுப்பு. நீண்ட நாள் கூண்டு கழுவியவருக்கு எடை பார்க்கக் கற்றுக்கொடுங்கள். எடை பார்த்தவரைப் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சொல்லுங்கள். பொருளாகத்தான் தர வேண்டும் என்றால், களத்தில் பயன்படுவதைத் தாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட இருகண்நோக்கி, தொடக்கப் பறவை நோக்கர்கள் பலருக்கும் ஒத்துவரும். கையுறை, காலணி, விலங்குகளைக் கையாள்பவர்களுக்கு முன்கூட்டியே போட வேண்டிய வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆகியவற்றைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை முதல் நாளே உங்கள் கடமை.

அறிக்கையில் பெயர் போடுவது செலவில்லாத கௌரவம். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் தொடங்கிவைத்த பறவைக் கணக்கெடுப்பில் 27 தன்னார்வலர்கள் 25 இடங்களில் பறவைகளை எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. பறவைகள் குறைகின்றனவா பெருகுகின்றனவா என்று அறிய அந்த நீண்ட பதிவு உதவுகிறது. உங்கள் ஆண்டறிக்கையில் ஒரு வரைபடம் வந்தால், அதற்கான எண்களைத் திரட்டியவர்களின் பெயர்கள் அதன் கீழேயே இருக்கட்டும். கடைசிப் பக்கத்துக்குத் தள்ள வேண்டாம்.

படி 6: விழா எடுத்தால்

டிசம்பர் 5 பன்னாட்டுத் தன்னார்வலர் நாள், 1985இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. மார்ச் 3 உலக வனவிலங்கு நாள். இரண்டில் ஒன்று பொருத்தமாக இருக்கும். ஆனால் உங்கள் பகுதியில் அது குஞ்சு பொரிக்கும் பருவமாக இருந்தால் தேதியைப் பார்க்காமல் தள்ளிவையுங்கள். அந்த வாரங்களில் மூச்சுவிடவும் நேரம் இருக்காது.

கூண்டுகளிலிருந்து எட்டத்தில், பகல் வெளிச்சத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் நடத்துங்கள். பலூன் வேண்டவே வேண்டாம். பறந்துபோய் எங்கோ விழும் ரப்பர் துண்டை ஆமையும் கடற்பறவையும் விழுங்குகின்றன.

விருது பெறுபவரின் கையில் குட்டியைக் கொடுத்துப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அனுமதிக்காதீர்கள். குரங்கினங்களைப் பற்றி ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, மனிதர் அவற்றைத் தூக்கி வைத்திருக்கும் படங்களைப் பகிர வேண்டாம் என்கிறது. அத்தகைய படங்கள் காட்டு விலங்கை வளர்ப்புப் பிராணியாகக் காட்டிவிடுகின்றன. விழாவுக்காக ஒரு பறவையை விடுவிப்பதும் அப்படித்தான்: அது தயாரானால் நேற்றே போயிருக்க வேண்டும், தயாராகவில்லை என்றால் இன்று போகக் கூடாது. விருந்தினரின் நேரத்துக்கு அதைக் காக்க வைக்காதீர்கள்.

யாருக்கு விருது என்பதை ஒருவரே முடிவு செய்ய வேண்டாம். ஊழியர் ஒருவர், மருத்துவர், மூத்த தன்னார்வலர் ஒருவர் என மூவர் உட்கார்ந்து பேசினால் போதும்.

படி 7: விடைபெறுபவருக்கு

படிப்பு முடிந்தோ, இடம் மாறியோ, உடம்பு ஒத்துழைக்காமலோ தன்னார்வலர்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். பலர் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிடுவார்கள். நான்கு வாரமாக வராதவரைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரியுங்கள். மீண்டும் வரும்படி வற்புறுத்த வேண்டாம்.

வேலை தேடும் இளைஞராக இருந்தால் அனுபவக் கடிதம் கொடுங்கள். அதில் "நற்குணமுடையவர்" என்பதைவிட, எந்தெந்த இனங்களைக் கையாண்டார், எந்தப் பயிற்சிகளை முடித்தார், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதுவது பயன்தரும். அவர் பெயர் உள்ள சிகிச்சை அட்டைகள் இன்னும் மூடப்படாமல் இருந்தால், அவருடைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். அந்த விலங்குகளைப் பற்றிய செய்தி அவருக்கும் போக வேண்டும்.