அண்ணன் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள்

ஜேம்ஸ் ஹர்ஸ்ட் எழுதிய ‘தி ஸ்கார்லெட் ஐபிஸ்’ 1960 ஜூலையில் ‘தி அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வந்த சிறுகதை. ஒரு பையன், உடல் ஊனத்தோடு பிறந்த தன் தம்பியை நடக்க வைக்கிறான். பிறகு அதே பிடிவாதத்தில் அவனைச் சாகவும் விட்டுவிடுகிறான். சிறுவயதுக் கொடூரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எடுத்துக்கொள்ளத் தோதான கதை இது. தோதாக இருப்பதுதான் சிக்கலும். கதைசொல்லியான அண்ணனே எல்லாவற்றையும் விளக்கிவிடுவதால், அவன் சொன்னதைத் திருப்பி எழுதிவிட்டு ஆய்வு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் கருப்பொருள். ‘இக்கதையின் கருப்பொருள் கொடூரம்’ என்று எழுதினால் அது கருப்பொருள் அல்ல, வெறும் தலைப்பு. கொடூரத்தைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இன்னொரு வழுக்கல் உண்டு. மூலத்தில் வரும் ‘பிரைட்’ (pride) என்ற சொல்லை ஒருவர் பெருமை என்பார், இன்னொருவர் ஆணவம் என்பார். ஆணவம் என்று எழுதினால் தம்பி எழுந்து நடந்தது கட்டுரைக்குள் வராமல் போகும். பெருமை என்று எழுதினால் அவன் செத்தது விட்டுப்போகும். கதைக்கு இரண்டும் வேண்டும். அது ஒரே விதையிலிருந்து வாழ்வும் சாவுமாகக் கிளம்பும் இரண்டு கொடி என்று கதைசொல்லியே சொல்கிறான். ஒற்றைச் சொல்லைத் தேடி மெனக்கெடாமல் நடந்ததை எழுதிவிடுவது நல்லது: ஊனமான தம்பி இருக்கிறானே என்று அண்ணன் வெட்கப்பட்டான், அந்த வெட்கம்தான் தம்பியை நடக்க வைத்தது.

அந்தக் கொடி வாக்கியத்தைக் கட்டுரையின் முதல் வரியிலேயே மேற்கோளாக வைப்பவர்கள் அதிகம். அதற்கு முன்னால் ‘அப்போது எனக்குத் தெரியாது’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அதை வெட்டிவிடுவார்கள். என் கணக்கில் பெரிய தவறு இதுதான். தம்பி பிறக்கும்போது அண்ணனுக்கு ஆறு வயது, தம்பி இறக்கும்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ. இதைச் சொல்பவனோ வளர்ந்த மனிதன். பழைய வீட்டில் உட்கார்ந்து, பல வருடங்கள் கழித்து நினைத்துப் பார்க்கிறான். செய்தவன் ஒருவன், சொல்பவன் ஒருவன். இருவருக்கும் ‘நான்’ என்ற ஒரே சொல். மேற்கோள் எடுக்கும் முன் இது எந்த ‘நான்’ என்று பாருங்கள். சதுப்பு நிலத்துக்குத் தம்பியை இழுத்துப்போன பையனுக்கு விதையும் தெரியாது, கொடியும் தெரியாது. ‘அண்ணன் தன் கர்வத்தை உணர்ந்தே செயல்பட்டான்’ என்று எழுதும்போது, பெரியவனின் தெளிவைப் பையன் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இந்த இரண்டு ‘நான்’களும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தம்பியின் ஆறாம் பிறந்தநாளில் அவன் நடப்பதை வீட்டாருக்குக் காட்டுகிறார்கள். எல்லோரும் அண்ணனைக் கட்டிப்பிடிக்க, அவன் அழுகிறான். ஏன் அழுகிறாய் என்று அப்பா கேட்டால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. பெரியவன்தான் நமக்குப் பதில் சொல்கிறான்: எனக்காகத்தான் செய்தேன். கதாசிரியர் ஏன் அப்பாவிடம் அவனை வாய் திறக்க விடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே இரண்டு பத்தி எழுதலாம்.

அண்ணன் கெட்டவன், அல்லது பாவம் சின்னப் பையன் என்று தீர்ப்பு எழுதுவதும் வேண்டாத வேலை. பிழைக்காது என்று நினைத்த குழந்தைக்காகச் செய்த சிறிய சவப்பெட்டி களஞ்சியத்துப் பரணில் கிடக்கிறது. அதைத் தொட்டால்தான் கீழே இறக்குவேன் என்று தம்பியை மிரட்டுகிறான். தம்பி பயந்து உறைந்துபோனதும் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் இவன்தான். ‘என்னை விட்டுட்டுப் போகாதே’ என்று அங்கே தம்பி கதறுகிறான். கதையின் முடிவில் புயல் மழையில் அண்ணன் முன்னால் ஓடும்போதும் அதே வார்த்தைகள். முதல் தடவை சுமந்தான், இரண்டாம் தடவை ஓடினான். தீர்ப்புச் சொல்வதைவிட இந்த இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் கட்டுரை நிற்கும்.

அப்புறம் குறியீடு. தலைப்பில் வரும் ஸ்கார்லெட் ஐபிஸ், அதாவது செந்நிற அரிவாள்மூக்கன் பறவைதான் தம்பி என்று கண்டுபிடித்ததாக எழுதாதீர்கள். கடைசி வரியில் அண்ணனே அதைச் சொல்லிவிட்டான். அவனுக்கு அந்த ஒப்புமை ஏன் வேண்டியிருந்தது என்பதுதான் கேள்வி. அந்தப் பறவை வெப்ப மண்டலத்திலிருந்து புயலில் அடித்துவரப்பட்டுச் செத்தது. அதன் சாவுக்கு யாரும் காரணம் இல்லை. தம்பியைப் பறவை என்று சொன்னதும், ஓடிய கால்கள் மறைந்து புயல் மட்டும் மிஞ்சுகிறது. குற்றத்தை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஒருவன் கடைசி வரியில் கொஞ்சம் தப்பிக்கப் பார்க்கிறானோ என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் சரி, காரணத்தோடு எழுதுங்கள். 1918, உலகப் போர், போர்க்களப் பெயர்கள் என்று பின்னணியும் இருக்கிறது. அதற்கு ஒரு பத்தி போதும்.

கடைசியாக, பெயர்கள். தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங். பின்பக்கமாகவே தவழ்ந்ததால் டூடில் என்று அண்ணன் மாற்றினான். நம் ஊர் மணலில் பின்னாலேயே நகரும் குழியானையின் பெயர்தான் அது. அந்தப் பெயர் உள்ளவனிடம் யாரும் அதிகம் எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதால், தான் அவனுக்குச் செய்ததிலேயே அன்பான காரியம் அதுதான் போலும் என்கிறான். அண்ணனுக்கோ கதை முழுக்கப் பெயரே கிடையாது. தம்பி கூப்பிடும் முறைப்பெயர் மட்டும்தான், கூப்பிட ஆள் போன பிறகும்.