நெரிசலான முகாம் சமையலறையைச் சீராக்குவது எப்படி?

முகாம் சமையலறையில் இடம் போதவில்லை என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். பெரும்பாலும் இடம் போதும். ஆட்கள் நடக்கும் வழிதான் சிக்கலாக இருக்கும். எச்சில் தட்டுகளைச் சுமந்து வருபவரும் கொதிக்கும் பாத்திரத்தை இறக்குபவரும் ஒரே சந்தில் முட்டிக்கொண்டால், எத்தனை அலமாரி வைத்தாலும் பயனில்லை. எனவே புதுப் பெட்டி, புதுக் கூடை வாங்கும் ஆசையைத் தள்ளிவையுங்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே கிடைக்கும் நேரமும் உதவிக்கு இரண்டு பேரும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

படி 1: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடுங்கள். வெளியே தார்ப்பாய் விரித்து, ஐஸ் பெட்டியில் உள்ளவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அதில் பரப்புங்கள். மூடிகளை அந்தந்தப் பாத்திரத்தோடு பொருத்திப் பாருங்கள். எதற்கும் பொருந்தாத மூடிகள் நிச்சயம் மிஞ்சும், அவை வேண்டாம். பிடி ஆடும் பாத்திரத்தை ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வெட்டுப்பலகையின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறலில் நகம் தட்டி நின்றால் அதற்கும் விடைகொடுங்கள். அந்த இடுக்கில் சேரும் அழுக்கைத் தேய்த்து எடுக்க முடியாது.

படி 2: முதலில் கழுவுங்கள், பிறகு கிருமி நீக்குங்கள்

இவை இரண்டு வெவ்வேறு வேலைகள். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருக்கும் மேசையில் பிளீச் கரைசலை ஊற்றினால், குளோரின் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். சோப்பு நீரால் தேய்த்து, நல்ல நீரால் அலசிய பிறகுதான் கரைசல். மணம் சேர்க்காத, 5 சதவீத பிளீச் திரவமாக இருந்தால் 10 லிட்டர் நீருக்கு 20 மில்லி போதும். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். வினிகரையோ அமோனியா கலந்த துப்புரவு திரவத்தையோ இதனோடு கலக்கவே கூடாது. நச்சு வாயு வெளியாகும். கரைசல் தடவிய பரப்பைத் துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். காலையிலிருந்து கைமாறிக்கொண்டிருக்கும் அந்த ஒரே ஈரத்துணியைவிட அழுக்கான பொருள் சமையலறையில் அரிது.

படி 3: வழியைத் தரையில் வரையுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். சுண்ணாம்புத் தூளோ கயிறோ எடுத்து, உணவு நகரும் பாதையைக் குறியுங்கள். சரக்கு வரும் வாசல், சேமிப்பு, கழுவி நறுக்கும் மேசை, அடுப்பு, பரிமாறும் மேசை என்று அது ஒரே திசையில் போக வேண்டும். எச்சில் தட்டுகள் இந்தப் பாதையைக் குறுக்கே கடக்காமல், மறுபக்கமாகக் கழுவும் இடத்துக்குச் சேர வேண்டும். கை கழுவும் இடத்தை நுழைவாயிலிலேயே வையுங்கள். மூலையில் வைத்தால் அவசரத்தில் யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள்.

அடுப்பு மூடிய கூடாரத்துக்குள் இருக்கவே கூடாது. எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. சிலிண்டரை நிமிர்த்தியே நிறுத்துங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். சிலிண்டரைக் குழியான இடத்தில் வைக்க வேண்டாம். மீண்டும் இணைத்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன் வால்வைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். சின்னக் குமிழ் ஒன்று ஊதிப் பெருத்தாலும் கசிவுதான். உடனே மூடிவிடுங்கள்.

படி 4: அடுக்குங்கள்

உலர்ந்த பொருள்கள் தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரத்தில், இறுக மூடிய டப்பாக்களில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் மீதும் பிரித்த தேதியை எழுதுங்கள். பழையது முன்னால், புதியது பின்னால்.

ஐஸ் பெட்டி இரண்டு இருந்தால் குடிப்பவற்றை ஒன்றில், சமையல் பொருள்களை மற்றொன்றில் பிரித்துவிடுங்கள். தாகம் எடுக்கும்போதெல்லாம் திறக்கப்படும் பெட்டியில் குளிர் நிற்காது. சமையல் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி போட்டு, 5 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை இறைச்சி கசியாத டப்பாவில் அடியில் போக வேண்டும், எதன் மேலும் சொட்டாமல்.

படி 5: கேட்காமலே கிடைக்கும்படி செய்யுங்கள்

கரண்டி, வடிகட்டி, இடுக்கி எல்லாவற்றையும் ஒரு பலகையில் கொக்கி அடித்து மாட்டுங்கள். ஒவ்வொன்றின் உருவத்தையும் அதன் பின்னால் மார்க்கரால் வரைந்துவிடுங்கள். எது எங்கே போக வேண்டும் என்பது இன்று புதிதாக வந்த உதவியாளருக்கும் தெரியும். திரும்பி வராத கரண்டியின் வெற்று உருவம் அதைத் தேடச் சொல்லும். மூடிய டப்பாக்களுக்கு மேல்மூடியில் மட்டும் பெயர் எழுதினால் மூடி மாறும்போது பெயரும் மாறிவிடும். பக்கவாட்டில் எழுதுங்கள்.

படி 6: இரவில் மூடும் முறை

வேலைப் பட்டியல் ஒன்றை எழுதிக் கம்பத்தில் கட்டுங்கள். மிஞ்சிய உணவை அண்டாவோடு ஆறவிடக் கூடாது. ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் குளிரில் சேர்க்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் இடமில்லாவிட்டால் கொட்டிவிடுங்கள், மனம் வராவிட்டாலும். குப்பை கூடாரங்களுக்கு அருகே இரவு தங்கக் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வரும். சிலிண்டர் வால்வை மூடியவர் பட்டியலில் தன் பெயரை எழுதட்டும். ‘யாராவது மூடியிருப்பார்கள்’ என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.