ஒமேகா சென்டாரி: 300 கோப்புகளை ஒரே படமாக்கும் முறை

திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தை ஒட்டியே தெரியும் ஒமேகா சென்டாரி என்னும் கோள விண்மீன் கொத்து, ஏப்ரல், மே மாத இரவுகளில் இங்கே தெற்கே 34 பாகை உயரம் வரை ஏறுகிறது. அதை 300 முறை படம்பிடித்து வந்தவர் முதலில் ஹார்ட் டிஸ்கைப் பார்க்க வேண்டும். 26 மெகாபிக்சல் கேமராவின் 16 பிட் கோப்பு ஒன்று 52 எம்.பி.தான், அதையே சிரில் என்னும் இலவச மென்பொருள் 32 பிட்டாக்கி மூன்று நிறங்களாகப் பிரித்து எழுதும்போது 312 எம்.பி. ஆகிறது. 300 கோப்புகளுக்கு ஒரு கட்டத்துக்கே 94 ஜி.பி. வேண்டும், இப்படி இரண்டு, மூன்று கட்டங்கள் உண்டு.

படத்தின் தரம் பெரும்பாலும், கேமராவும் தொலைநோக்கியும் சேர்க்கும் பிழைகளை நீக்கும் அளவுத்திருத்தத்திலேயே முடிவாகிவிடுகிறது. மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்கள், வானத்தை எடுத்த அதே வெப்பநிலையிலும் அதே நேர அளவிலும் இருக்க வேண்டும். சென்சாரின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் கூடினாலே, ஒளியே படாதபோதும் அதில் சேரும் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பதால், குளிரூட்டி இல்லாத கேமராவில் நம் ஊர்ச் சித்திரை மாத இரவின் டார்க்கைக் கார்த்திகையில் எடுத்த படங்களுக்குப் பயன்படுத்துவது வீண்வேலை. கேமரா ஒவ்வொரு படத்திலும் தானாகச் சேர்க்கும் அடிப்படை அளவான பயஸும் டார்க்குக்குள் அடங்கியிருப்பதால், வானப் படத்திலிருந்து டார்க்கை மட்டும் கழித்தால் போதும். பயஸைத் தனியே கழிக்க வேண்டியது சீரான வெளிச்சத்தை மட்டும் படம்பிடிக்கும் ஃபிளாட் படங்களிலிருந்துதான். அந்த ஃபிளாட்டுக்கு, கேமராவைக் கழற்றாமலும் ஃபோகஸை மாற்றாமலும், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் தொலைநோக்கியின் வாயில் கட்டி, விடியல் வெளிச்சத்தில் எடுக்கலாம். திசையன்விளையின் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போனவர்களுக்கு இது கட்டாயம். சென்சார் கண்ணாடிமேல் படியும் தூசி, உளுந்த வடை போன்ற வளையங்களாகப் படமெங்கும் விழும். ஃபிளாட்டால் வகுத்தால் அவை மறைந்துவிடும்.

அடுத்து, ஊர் விளக்குகளின் ஒளிச்சரிவை ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாக, எளிய நேர்ச்சரிவாக நீக்க வேண்டும். கொத்து கிழக்கிலிருந்து மேற்கே நகர நகரச் சரிவின் திசையும் மாறுவதால், எல்லாவற்றையும் சேர்த்த பிறகு நீக்குவது கடினம். பிறகு விண்மீன்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அவற்றின் அகலம் மிகுந்த படங்களை இரக்கமின்றி ஒதுக்கிவிடுங்கள். மிஞ்சியவற்றின் சராசரியை எடுக்கும்போது, சிக்மா வரம்பை மீறும், அதாவது மற்றப் படங்களின் அளவிலிருந்து மிகவும் விலகி நிற்கும் புள்ளிகளைத் தள்ளச் சொன்னால் செயற்கைக்கோள் கோடுகள் போய்விடும். படத்தில் மணல்போலத் தெரியும் இரைச்சல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குக் குறையும்: 300 படங்களுக்கு ஏறத்தாழ 17 மடங்கு. சிலியில் ஓரிரவுக்கு ஏறத்தாழ 20 டெராபைட் தரவு தரும் வேரா ரூபின் ஆய்வகத்தின் 3,200 மெகாபிக்சல் கேமராவுக்கும் அடிப்படையில் இதே கழித்தலும் வகுத்தலும்தான்.

ஒளியூட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கொத்தின் நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் இருக்க, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை ஒரே இழுப்பாக இழுக்காமல், விண்மீன்களின் நிறம் தெரியும் அளவுக்குச் சிறிது சிறிதாக உயர்த்தி நிறுத்த வேண்டும்.