மெயில் ஓபன் ஆவலையா? பாஸ்வேர்ட மாத்துறதுக்கு முன்னாடி லாக் ஃபைல பாருங்க

மண்ணடி, பாரிஸ் கார்னர் பக்கம் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், தண்டையார்பேட்டைல லாரி புக்கிங் ஆபீஸ், மணலி பக்கம் சின்ன கம்பெனிங்க, இங்கெல்லாம் சொந்தமா மெயில் சர்வர் வெச்சிருக்கறவங்க இருக்காங்க, ஆனா அத பாத்துக்கறதுக்குன்னு தனியா ஒரு ஐடி ஆளு இருக்க மாட்டாங்க. கஸ்டம்ஸ்ல பில் ஆஃப் என்ட்ரி போடுற தம்பியோ அக்கவுண்ட்ஸ் பாக்குற பொண்ணோ, "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே"ன்னு முதலாளி தலைல கட்டிட்டு போயிருப்பாரு. இந்த பதிவு அவங்களுக்குத்தான்.

சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. கப்பல் கம்பெனி லைன் ஆபீஸ்லேந்து சரக்கு வருதுன்னு சொல்ற அரைவல் நோட்டீஸ் மெயில்லதான் வருது, அத ரெண்டு நாள் பாக்காம வுட்டா கன்டெய்னர காசில்லாம வெச்சுக்கற ஃப்ரீ டேஸ் ஓடிடும், அப்புறம் லேட்டானதுக்கு டிடென்ஷன் கட்டுறது யாருன்னு கஸ்டமரோட சண்டை.

நான் சொல்லப்போறது லினக்ஸ்ல போஸ்ட்ஃபிக்ஸும் டோவ்காட்டும் போட்டிருக்குற சர்வருக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் மெயில வாங்கும், அனுப்பும். டோவ்காட் மெயில் பெட்டிய தொறந்து காட்டும், பாஸ்வேர்ட் சரியான்னு பாக்குறதும் பெரும்பாலும் அதுதான். அதனால "மெயில் வரல", "மெயில் போவல" ரெண்டும் வேற வேற எடத்துல தேட வேண்டிய வியாதி.

முதல்ல கேள்வி கேளுங்க

போன் வரும். "அண்ணே, மெயிலு ஓபன் ஆவலண்ணே." ஒடனே பாஸ்வேர்ட ரீசெட் பண்ணி குடுத்துடணும்னு கை பரபரக்கும். பண்ணாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன். முதல்ல கேளுங்க: உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? வரது நின்னுச்சா, போறது நின்னுச்சா? போன்லயும் அப்டித்தானா, கம்ப்யூட்டர்ல மட்டுமா? ஆபீஸ் வைஃபைய ஆஃப் பண்ணிட்டு சிம் டேட்டால பாத்தியா? கடைசி கேள்விதான் ரொம்ப முக்கியம், டேட்டால வேல செஞ்சு வைஃபைல செய்யலன்னா அது அந்த ஆளோட பாஸ்வேர்ட் பிரச்சனையே கெடையாது, ஆபீஸோட ஐபிய (நெட்ல ஆபீஸோட அட்ரஸ் நம்பர) சர்வர் வெளிய நிறுத்தி வெச்சிருக்கு, இல்ல ஆபீஸ் நெட்லயே கோளாறு.

அடுத்தது லாக் ஃபைல்

சர்வர்ல நடக்குறத வரி வரியா எழுதி வெக்கிற ஃபைல்தான் லாக். உபுண்டு, டெபியன்னா வார் ஃபோல்டருக்குள்ள லாக் ஃபோல்டர், அதுல மெயில் டாட் லாக்னு இருக்கும். ரெட்ஹேட் வகையறான்னா அதே எடத்துல புள்ளி இல்லாம மெயில்லாக். டெயில் கமாண்டோட மைனஸ் எஃப் போட்டு அத ஓட வுட்டுட்டு, போன்ல இருக்குறவர "இப்ப ஒரு தரம் ட்ரை பண்ணுங்க"ன்னு சொல்லுங்க. மூணுல ஒண்ணு நடக்கும்.

ஒண்ணு, அவர் பேரோட ஒரு வரி வந்து, அதுல ஆத் ஃபெயில்டுன்னு இருக்கும். அதே வரில ரிப்-னு போட்டு ஒரு ஐபி இருக்கும், அது கூப்புடுற ஆளோட ஐபி, லிப்-னா நம்ம சர்வரோட ஐபி. யூசர்னு இருக்குற எடத்த எழுத்தெழுத்தா படிங்க. போன்ல டைப் பண்றப்போ கீபோர்டே பேர முடிச்சு குடுத்துட்டு பின்னாடி ஒரு ஸ்பேஸ் வெச்சுடும், இல்ல முழு மெயில் ஐடி கேக்குற சர்வர்ல டொமைன் இல்லாம வெறும் பேர மட்டும் போட்டிருப்பாங்க. பேரு தப்பா பாஸ்வேர்ட் தப்பான்னு லாக்லயே பிரிச்சு காட்டணும்னா டோவ்காட் செட்டிங்ல ஆத் வெர்போஸ எஸ்-னு மாத்திடுங்க, சர்வர் போட்ட அன்னிக்கே மாத்த வேண்டிய விஷயம் அது.

ரெண்டு, லாகின் சரியா நடந்ததா வரி வரும், ஆனா அவருக்கு தெரியல. அப்போ சர்வர்ல குத்தம் இல்ல, அவர் மெயில் பாக்குற அவுட்லுக்லயோ தண்டர்பேர்ட்லயோ தேடணும்.

மூணு, ஒரு வரியும் வராது. அப்டின்னா அந்த ஆளு நம்ம வாசலுக்கே வந்து சேரல. சர்வர் பேரு தப்பா இருக்கலாம், போர்ட் தப்பா இருக்கலாம், இல்ல ஃபயர்வால் தடுத்திருக்கலாம். இதுக்கு பாஸ்வேர்ட எத்தன தரம் மாத்துனாலும் ஒண்ணும் ஆகாது.

பாஸ்வேர்ட் மேல சந்தேகம் தீரலன்னா சர்வர்லயே உக்காந்து சோதிக்கலாம். டோவ்காட்டோடவே வர டவ்அட்ம் கமாண்ட்ல ஆத் டெஸ்ட்னு அடிச்சு பக்கத்துல மெயில் ஐடி போட்டா பாஸ்வேர்ட் கேக்கும், சரின்னா ஆத் சக்ஸீடட்னு சொல்லிடும். இங்க பாஸ் ஆயி போன்ல ஃபெயில்னா தப்பு போன்லதான்.

ஆபீஸ் மொத்தமும் வெளிய நின்னா

இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ரீசெட் பண்ணாதீங்கன்னு மேல சொன்னதுக்கு காரணம் இதுதான்.

தப்பான பாஸ்வேர்ட் திரும்ப திரும்ப வந்தா அந்த ஐபிய தடுக்குறதுக்கு ஃபெயில்-டு-பேன்னு ஒரு புரோகிராம் போட்டிருப்போம். அது வரும்போது இருக்குற செட்டிங் என்னன்னா, 10 நிமிஷத்துக்குள்ள 5 தரம் தப்பு பண்ணா 10 நிமிஷம் தடை. இப்ப தம்புச் செட்டி தெருவுல ஒரு ஆபீஸ்னு வெச்சுக்கோங்க, உள்ள 12 கம்ப்யூட்டர், 10 போன், எல்லாம் ஒரே ரவுட்டர் வழியா வெளிய போவுது, சர்வருக்கு அத்தனையும் ஒரே ஐபியாதான் தெரியும். நீங்க ஒருத்தருக்கு பாஸ்வேர்ட மாத்தி கம்ப்யூட்டர்ல போட்டு குடுத்துட்டீங்க, அவரோட போன்ல பழைய பாஸ்வேர்ட் அப்டியே இருக்கு, அது பாக்கெட்ல இருந்துக்கிட்டே சில நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்வர தட்டிக்கிட்டு இருக்கு, அஞ்சு தரம் ஆனதும் ஐபி தடை, 22 மெஷினுக்கும் மெயில் காலி. பத்து நிமிஷம் கழிச்சு தானா சரியாவும், திரும்ப போவும். "வருது போவுது வருது போவுது"ன்னு யாராவது சொன்னா மொதல்ல இதத்தான் சந்தேகப்படணும்.

ஃபெயில்-டு-பேன் கிளையன்ட் கமாண்ட்ல ஸ்டேட்டஸ் டோவ்காட்னு கேட்டா தடை போட்ட ஐபி லிஸ்ட் வரும். ஜெயில் (எந்த சர்வீஸுக்கு தடைங்குற செட்டிங்) பேரு உங்க சர்வர்ல வேறயா இருந்தா வெறும் ஸ்டேட்டஸ்னு கேட்டா எல்லா பேரும் காட்டும். அன்பேன் ஐபின்னு குடுத்து எடுத்து வுடலாம், ஆனா எடுத்து வுட்டுட்டு சும்மா இருந்தா கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துடும். லாக்ல எந்த யூசர் பேரு ஃபெயில் ஆவுதுன்னு பாத்து, அந்த பேரு வேற எங்கெல்லாம் போட்டிருக்குன்னு அவரையே கேளுங்க. பழைய போன், வீட்ல புள்ளைங்க வெச்சிருக்குற டேப், ரிசப்ஷன்ல இருக்குற கம்ப்யூட்டர். எல்லாரும் மறக்குறது ஒண்ணு இருக்கு, ஸ்கேன் பண்ணா நேரா மெயில்ல போற ஜெராக்ஸ் மெஷின். அதுக்குள்ளயும் யாரோ ஒருத்தரோட பாஸ்வேர்ட் போட்டு வெச்சிருப்பாங்க. அந்த மெஷினுக்குன்னு தனியா ஒரு ஐடி போட்டு குடுத்துடுங்க.

ஆபீஸுக்கு ஸ்டாட்டிக் ஐபி இருந்தா இக்னோர் ஐபி லிஸ்ட்ல சேத்துக்கலாம். ஸ்டாட்டிக் இல்லன்னா வேணாம், கரண்ட் போயி வந்தா ரவுட்டருக்கு வேற ஐபி வந்துடும், பழைய ஐபி வேற எவருக்கோ போயிருக்கும்.

ஒரு ஐடிய நாலு பேரு யூஸ் பண்றது

இம்போர்ட்னு ஒரு மெயில் ஐடி, அதோட பாஸ்வேர்ட் நாலு பேருக்கு தெரியும். ஏறக்குறைய எல்லா ஆபீஸ்லயும் இதான் கத. காலைல மொதல்ல வந்தவங்களுக்கு ஓபன் ஆவும், லேட்டா வந்தவங்களுக்கு ஆவாது. காரணம் என்னன்னா, டோவ்காட்ல ஒரே யூசர் ஒரே ஐபிலேந்து 10 கனெக்‌ஷனுக்கு மேல வர முடியாதுன்னு வரம்பு இருக்கு, தண்டர்பேர்ட் ஒரு அக்கவுண்ட்டுக்கு 5 கனெக்‌ஷன் வரைக்கும் எடுத்துக்கும். ரெண்டு பேரு உக்காந்தாலே கோட்டா முடிஞ்சுது. லாக்ல மேக்ஸிமம் நம்பர் ஆஃப் கனெக்‌ஷன்ஸ்னு ஆரம்பிக்கிற வரி வரும். மெயில் மேக்ஸ் யூசர்ஐபி கனெக்‌ஷன்ஸ்-ங்குற செட்டிங்க 30, 40-னு ஏத்திட்டு டோவ்காட்ட ரீலோட் பண்ணா இன்னிக்கி பிரச்சனை தீரும்.

ஆனா அதோட நிறுத்தாதீங்க, ப்ளீஸ். பகிர்ந்த பாஸ்வேர்ட்தான் பாதி தொல்லைக்கு மூலம். யாரு அனுப்புனது, யாரு டெலீட் பண்ணதுன்னு எதுவும் தெரியாது, ஒருத்தரு வேலய வுட்டு போனா நாலு பேருக்கும் பாஸ்வேர்ட் மாத்தணும், மாத்துனா மேல சொன்ன ஐபி தடை கத திரும்ப ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒரு ஐடி குடுங்க, இம்போர்ட்-ங்குறத வெறும் ஏலியாஸா மாத்துங்க, அதுக்கு வர மெயில் நாலு பேருக்கும் காப்பி போவும். நாலஞ்சு பேருக்கு மேல போச்சுன்னா ஏலியாஸ் கஷ்டம், யாரு பதில் போட்டாங்கன்னு தெரியாம ரெண்டு பேரு ரெண்டு ரேட் சொல்லிடுவாங்க, அப்போ டோவ்காட்ல ஏசிஎல் (எந்த பெட்டிய யாரு பாக்கலாம்-ங்குற லிஸ்ட்) ஆன் பண்ணி ஒரே பெட்டிய அவங்கவங்க பாஸ்வேர்ட்லயே எல்லாரும் பாக்குற மாதிரி ஷேர் பண்ணுங்க. செட் பண்ண அரை நாள் ஆவும், பரவால்ல, ஆவட்டும்.

அனுப்புற பக்கம் போஸ்ட்ஃபிக்ஸ்ல சென்டர் லாகின் மேப்ஸ்னு ஒரு லிஸ்ட் குடுத்து, ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மேட்ச் போட்டுட்டா, யாரு எந்த பேர்ல அனுப்பலாம்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. இது இல்லாத சர்வர்ல டெலிவரி பையன் முதலாளி பேர்ல மெயில் அனுப்புனாலும் போயிடும்.

மெயில் போவலன்னா

இது சீக்கிரம் முடியும், திரும்பி வர எர்ரர் நம்பர பாத்தாலே போதும். 535-னா லாகின் ஃபெயில். 554 ரிலே ஆக்சஸ் டினைட்னு வந்தா அவுட்கோயிங் சர்வருக்கும் லாகின் வேணும்-ங்குற டிக்க போடாம வுட்டிருக்காங்க. 550 5.1.1-னா அந்த பேர்ல அங்க ஆளே இல்ல, ஸ்பெல்லிங் பாருங்க. 552-ன்னா எதிர்ல இருக்குறவரோட பெட்டி ரொம்பிடுச்சு, இல்ல அட்டாச்மென்ட் ரொம்ப பெருசு. போர்ட் 25-ஐ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டிருந்தா மாத்திடுங்க, அது சர்வரும் சர்வரும் பேசிக்குற வழி, ஆளுங்களுக்கு 587 இல்லன்னா 465. மெயில் பாக்குறதுக்கு 993.

ஒரு நாள் காலைல திடீர்னு எல்லாருக்கும் சர்ட்டிஃபிகேட் எச்சரிக்கை வந்தா தேதிய பாருங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் சர்ட்டிஃபிகேட் வழக்கமா 90 நாளைக்குத்தான் குடுப்பாங்க, அது தானா ரின்யூ ஆயிருக்கும், ஆனா டோவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் பழசையே கைல வெச்சிருக்கும். ரெண்டையும் ரீலோட் பண்ணுங்க, ரின்யூ ஆவும்போதெல்லாம் தானா ரீலோட் ஆவுற மாதிரி, ரின்யூ பண்ற சர்ட்பாட் புரோகிராம்ல ஹூக் போடுங்க. "பரவால்ல, அக்செப்ட் குடுத்துடுங்க"ன்னு மட்டும் சொல்லிக் குடுக்காதீங்க, நாளைக்கி நெஜமாவே ஒருத்தன் நடுவுல பூந்தாலும் அதே பட்டன அமுக்குவாங்க.

ஒருத்தர் வேலய வுட்டு போறப்போ

ஐடிய டெலீட் பண்ணிடாதீங்க. அந்த ஐடிக்குத்தான் கஸ்டமரும், கன்டெய்னர் சரக்கு வெக்கிற சிஎஃப்எஸ்காரங்களும் இன்னும் மெயில் போட்டுக்கிட்டு இருப்பாங்க. மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க, சொந்த மெயில் ஏதாவது இருந்தா எடுத்துக்க நேரம் குடுங்க, வருஷக்கணக்கா உழைச்ச ஆள திருட்டுப்பய மாதிரி நடத்தக்கூடாது. அன்னிக்கி சாயங்காலம் பாஸ்வேர்ட மாத்துங்க. மாத்துனா மட்டும் பத்தாது, ஏற்கனவே தொறந்திருக்குற கனெக்‌ஷன் அப்டியே ஓடிக்கிட்டு இருக்கும். டவ்அட்ம் ஹூ-ன்னு அடிச்சா இப்ப யாரு யாரு உள்ள இருக்காங்கன்னு காட்டும், டவ்அட்ம் கிக்-னு போட்டு அவர் பேர குடுத்தா கனெக்‌ஷன் அறுந்துடும். பாஸ்வேர்ட் சரிபாத்தத ஞாபகம் வெச்சுக்குற ஆத் கேஷ் ஆன் பண்ணியிருந்தா அதையும் ஃப்ளஷ் பண்ணுங்க, இல்லன்னா பழைய பாஸ்வேர்ட் கொஞ்ச நேரத்துக்கு வேல செய்யலாம்.

அப்புறம் ஃபார்வர்ட் ரூல் ஏதாவது இருக்கான்னு, மெயில் ரூல் எழுதி வெக்கிற சீவ் ஃபைல்ல பாருங்க, எல்லா ஏலியாஸ்லேந்தும் அவர எடுங்க, இனிமே அந்த மெயில யாரு பாக்கப்போறாங்களோ அவங்களுக்கு திருப்பி வுடுங்க. அவர் போன்ல ஏற்கனவே எறங்குன மெயில நம்ம சர்வரால அழிக்க முடியாது, முதலாளி கேட்டா இத தெளிவா சொல்லிடுங்க.

ஐடி திருட்டு போயிருந்தா

வெளிய போவ நிக்குற மெயில காட்டுற போஸ்ட்க்யூ மைனஸ் பி கமாண்ட அடிச்சு பாக்குறப்போ ஒரே ஆளு பேர்ல நூத்துக்கணக்குல மெயில் வரிசைல நின்னா அந்த ஐடி வேற ஒருத்தன் கைல இருக்கு. பாஸ்வேர்ட் மாத்து, கிக் பண்ணு, அந்த ஆளு பேர்ல நிக்குற மெயில மட்டும் வரிசைலேந்து எடு, அப்புறம் கண்டிப்பா ஃபார்வர்ட் ரூல பாரு. சத்தமே இல்லாம உக்காந்திருக்குறவன்தான் இன்னும் ஆபத்து, இன்வாய்ஸ்னு வார்த்த வர மெயில மட்டும் தனக்கு திருப்பி வுட்டுக்கிட்டு, சரியான நேரத்துல "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு கஸ்டமருக்கு ஒரு மெயில் போடுவான்.

மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவத்த தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு சொல்லணும், லாக் ஃபைல 180 நாள் வெச்சிருக்கணும், கம்பெனிங்களுக்கும் சேத்துதான். உபுண்டு சர்வர்ல பழைய லாக்க கழிக்கிற லாக்ரொட்டேட் சாதாரணமா வாரத்துக்கு ஒரு ஃபைலா 4 ஃபைல்தான் வெச்சிருக்கும், ஒரு மாசத்துக்கு முந்தினது போச்சு. லாக்ரொட்டேட் டாட் டி ஃபோல்டருக்குள்ள ஆர்சிஸ்லாக்-ங்குற ஃபைல்ல ரொட்டேட் 4-ன்னு இருக்குறத 26-ன்னு மாத்துங்க, டிஸ்க்ல எடம் இருக்கான்னு ஒரு பார்வ பாத்துக்கோங்க, மாசத்துக்கு ஒரு தரம் அந்த ஃபைலுங்கள வேற மெஷினுக்கு காப்பி எடுத்து வெச்சுடுங்க.