கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானி உரிமம் பெற அமெரிக்கா புறப்படும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், ரேடியோவில் பேசிப் பழகுவதற்காக என்னிடம் வருகிறார்கள். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று இருப்பதாலோ என்னவோ, இந்த ஆசை இங்கே சற்று அதிகம். அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டில் உள்ள சுமார் 5,000 விமான நிலையங்களில் ஏறத்தாழ 500-இல் மட்டுமே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. மற்றவற்றில் விமானிகளே பொது அலைவரிசையில் தங்கள் இடத்தை அறிவித்து, ஒருவரையொருவர் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். மாணவப் பருவத்தில் நாங்கள் செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தவறான அலைவரிசை, தணித்து வைத்த ஒலி போன்றவற்றை எந்தப் பயிற்றுநரும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பை அனுமதியாக எண்ணுவது

இறங்குமுன் விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றிவரும் வட்டத்தைப் பழக, எங்கள் வீட்டு வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் மாணவர்களை நடக்கவிட்டு, ஒரு பக்கத்தை டவுன்விண்ட் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறப்பது) என்றும் அடுத்ததை பேஸ் (ஓடுபாதை இருக்கும் பக்கம் குறுக்கே திரும்புவது) என்றும் அதற்கடுத்ததை ஃபைனல் (ஓடுபாதைக்கு நேராக இறங்கிவருவது) என்றும் சொல்லவைப்பது என் வழக்கம். சென்ற முறை ஒரு தம்பி முகப்பிலிருந்தே "நேராக ஃபைனலுக்கு வருகிறேன்" என்று அறிவித்துவிட்டு விறுவிறுவென்று நடந்து வந்து, தேக்குத் தூணுக்கு மறைவில் பேஸிலிருந்து திரும்பிய பையன்மீது மோதினான். கேட்டதற்கு, "நான்தான் சொல்லிட்டேனே அண்ணே" என்றான்.

இந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பயிற்றுநராக இருந்த காலத்தில், மாணவர் ஒருவருடன் நான் பேஸில் இருந்தபோது, இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று 10 மைலில் நேராக இறங்க வருவதாக அறிவித்தது. மாணவர் அந்தத் தொலைவைத் தம் விமானத்தின் வேகத்தில் கணக்கிட்டு, நேரம் நிறைய இருக்கிறதென்று நம்பினார். 70 நாட் (மணிக்கு 70 கடல் மைல்) வேகத்தில் 10 கடல் மைலைக் கடக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 180 நாட் வேகத்தில் வருபவருக்கோ மூன்று நிமிடம் இருபது நொடி போதும். ஃபைனலுக்குத் திரும்புமுன் இறக்கையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் முகப்பு விளக்கு மிக அருகில் தெரிந்ததால் நாங்கள் விலகிச் சென்றோம். தரையில் சந்தித்தபோது அந்த விமானியும் இதையே சொன்னார்: தான்தான் முன்பே அறிவித்துவிட்டாராம்.

எல்லோருக்கும் இப்படி விலக நேரம் கிடைப்பதில்லை. கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில் 2022 ஆகஸ்ட் 18 அன்று, சுமார் 180 நாட் வேகத்தில் நேராக வந்த செஸ்னா 340, முறைப்படி வட்டமிட்டு இறங்கவிருந்த செஸ்னா 152 மீது மோதியதில் மூவர் இறந்தனர். இரு விமானிகளும் அறிவித்துக்கொண்டேதான் இருந்தார்கள். சிறிய விமானத்தின் விமானி, பின்னால் வருபவர் மிக வேகமாக நெருங்குவதை உணர்ந்து, இறங்காமல் மேலேறப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

மறுமொழி கிடைத்துவிட்டது என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. 1996 நவம்பர் 19 அன்று, இல்லினாய் மாநிலத்தின் குவின்ஸியில் இறங்கவிருந்த பீச்கிராஃப்ட் 1900 விமானிகள், குறுக்கு ஓடுபாதையின் முனையில் நின்ற விமானம் காத்திருக்குமா என்று கேட்டார்கள். அங்கே வரிசையில் இரண்டாவதாக நின்ற செரோக்கி என்ற சிறு விமானத்தின் விமானி, தாம் காத்திருப்பதாகப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் ஒரு பகுதி காக்பிட்டின் எச்சரிக்கை ஒலியில் அமுங்கிப்போக, முன்னால் நின்ற கிங் ஏர் விமானம்தான் பேசியது என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏர் ஒன்றும் பேசாமல் புறப்பட்டுவிட்டது. ஓடுபாதைகள் சந்திக்கும் இடத்தில் நிகழ்ந்த மோதலில், இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தனர்.

நேராக வந்து இறங்குவதை அமெரிக்க விதிகள் தடுக்கவில்லை. ஆனால் வட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர்களின் ஒழுங்கைக் குலைக்கக் கூடாது. ஆகவே தொலைவோடு, எத்தனை நிமிடத்தில் வருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் எங்கே என்று கண்ணால் காணும்வரை ஃபைனலைத் தொடராதீர்கள். காணவில்லை என்றால் விலகி, டவுன்விண்டில் 45 பாகைக் கோணத்தில் சேருங்கள். இதனால் தாமதமாவது சில நிமிடங்கள்தான்.

"அருகில் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்பது

கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி அலைவரிசையை அடைத்துவிடுவார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் இந்த வாக்கியத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

ஊர்ப் பெயரை ஒருமுறை மட்டும் சொல்வது

ஒவ்வொரு அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும்; அதே அலைவரிசையைப் பக்கத்து ஊர்களும் பயன்படுத்துகின்றன.

விமானத்தின் முன்கண்ணாடியில் நகராத புள்ளியைப் பொருட்படுத்தாதது

கண் இயல்பாகவே அசைவதைத்தான் தேடும். ஆனால் மோதவரும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்று, நெடுநேரம் சிறு புள்ளியாகவே தெரிந்து, கடைசிச் சில நொடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். கண்டு, புரிந்துகொண்டு, விமானத்தைத் திருப்புவதற்கு ஏறத்தாழ 12.5 நொடிகள் ஆகும் என்று அதே நிர்வாகத்தின் வழிகாட்டி கணக்கிடுகிறது. மேல் இறக்கை விமானத்தில் மேற்புறமும், தாழ் இறக்கை விமானத்தில் கீழ்ப்புறமும் மறையும் என்பதால், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஃபைனலில் இறங்கும் இருவரும் ஒருவரையொருவர் காணாமலே நெருங்கிவிடக்கூடும்.

திரையில் இல்லாததால் வானிலும் இல்லை என்று நம்புவது

இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி பொருத்தாத விமானம், சுற்றியுள்ள விமானங்களைக் காட்டும் உங்கள் திரையில் வராது. பழைய விமானங்கள் சில ரேடியோவே இல்லாமல் இத்தகைய நிலையங்களில் இறங்குகின்றன. விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. எனவே ஓடுபாதையில் ஏறுமுன், அறிவித்து முடித்த பிறகும், விமானத்தின் மூக்கைத் திருப்பி இரு முனைகளின் ஃபைனலையும் பார்த்துவிட்டே ஏறுங்கள்.